பிளாக்குக்கு ஒரு லீக் மாமா

பெரும்பாக்கத்தில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் பிளாக்குக்கு ஒருவர் தேறுவார். ஓய்வுபெற்றவர். வேட்டி, கைவைத்த பனியன். காலிங் பெல்லைத் தொடமாட்டார், கதவைத் தட்டுவார். இடிப்பார் என்பதே பொருத்தம். உள்ளே கேஸ் கசிந்திருந்தால் பெல்லின் ஒரு பொறி போதும் என்பது அவர் கட்சி. கட்சி சரியானது என்பதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

மூக்குதான் அவர் மூலதனம். சமையல் கேஸுக்குச் சொந்த நாற்றம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். பெருங்குடி குப்பைமேட்டுக் காற்றும் கழிவுநீர் லாரியும் போட்டிக்கு நிற்கும் இந்த வட்டாரத்தில் அதைத் தனியாகப் பிரித்தறிவது லேசுப்பட்ட வித்தையா? மாமா பிரிப்பார். "இது லாரிம்மா, பயப்படாதே." கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும் என்று சமையலறைத் தரையில் மண்டியிட்டு மோந்து பார்ப்பார். மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தவர்கள் உண்டு.

சிலிண்டர் போடும் பையனுக்கு இவரென்றால் கிலி. வளையத்துக்குக் கீழே 'பி-27' என்று எழுதியிருந்தால், 2027 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் மறுசோதனைக்குப் போகவேண்டியது என்று ஜாதகம் படிப்பார். தேதி தாண்டியிருந்தால் 14.2 கிலோவும் வந்த வழியே படியிறங்க வேண்டியதுதான்.

ஆனால் மாமாவின் முழு அவதாரத்தைக் காண டிசம்பர் 31 ராத்திரி மொட்டைமாடிக்கு வரவேண்டும். ஓ.எம்.ஆர். கம்பெனிப் பையன்கள் கேஸ் கிரில்லும் மசாலா தடவிய சிக்கனுமாகக் காத்திருப்பார்கள். ஒருவன் லைட்டரை ரெகுலேட்டர் பக்கம் நீட்டி, "அங்கிள், இப்படிக் காட்டினா லீக் தெரிஞ்சிடும்ல?" என்பான்.

"தெரியும்டா. பார்க்க நீ இருக்கமாட்டே."

இடுப்பிலிருந்து ஷேவிங் பிரஷ் வெளியே வரும். டம்ளரில் சோப்புத் தண்ணீர். கிரில்லின் திருகுகளை எல்லாம் மூடி, சிலிண்டரை மட்டும் திறந்து, ரெகுலேட்டரின் கழுத்திலும் ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் நுரையைப் பூசுவார். கிரில் பக்கத்து முனையில் கடுகளவு குமிழி ஒன்று முளைக்கும், மிளகளவாகி வெடிக்கும், அதே இடத்தில் இன்னொன்று. சிலிண்டரை மூடுவார். குழாயில் வெடிப்பு இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து, கிளிப்பை முறுக்கி, மறுபடி பூசுவார். நுரை அசையாமல் கிடந்தால்தான் அடுப்புக்கு அனுமதி.

வேலை மூன்று நிமிஷம், சொற்பொழிவு அரைமணி. சிக்கன் வேகத் தொடங்கியதும், சுத்த சைவமான மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்குவார்.

ஒரே சிக்கல், வருஷத்தில் ஆறு மாசம் அவர் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருப்பார். அப்போது நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேர எண். சொற்பொழிவும் இருக்காது.