எட்டும் நெல்லும்: வீராணக் கரையில் ஓர் ஆய்வு

எட்டு என்ற சொல்லுக்கு அகராதியில் முதலாவதாக ஓர் எண். அடுத்தது, கைக்கு எட்டுவது. லைசென்ஸ் வாங்கப் போகிறவனுக்கு மட்டும் மூன்றாவது பொருளும் உண்டு: டூவீலரில் உட்கார்ந்து, கால் ஊன்றாமல், தரையில் போட்டுக் காட்ட வேண்டிய சுழி. இவ்வாய்வு மூன்றாவதைப் பற்றியது.

முதலில் வடிவச் சிக்கல். தேர்வில் கேட்பது தமிழ் எட்டு அன்று. தமிழ் எட்டு ‘௮’, ஏறக்குறைய அகரம். சுழித்து, நெளிந்து, நேரே இறங்கி நின்றுவிடலாம். மணலில் அ எழுதிய எவனும் தேறியிருப்பான். 8-க்கோ நிற்க இடமே கிடையாது. புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேரும்.

அடுத்தது இடச் சிக்கல். எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். ஆறு மாதத்தில் அது காலாவதி. அதற்குள் எட்டுப் போட ஒரு தட்டையான வெற்றிடம் வேண்டும். காட்டுமன்னார்கோயிலில் தட்டைக்கு என்ன பஞ்சம் என்று மலைநாட்டு ஆய்வாளர்கள் கேட்கலாம். டெல்டாவில் மேடு என்றால் அது வேகத்தடைதான். ஆனால் இங்கே தட்டையாக இருப்பதெல்லாம் நெல்லுக்குச் சொந்தம். இதுவே என் கோட்பாடு.

வயலை எடுத்துக்கொள்வோம். சம்பா நட்டால் தை வரை சேறு. அறுத்த பிறகாவது வண்டியை இறக்கலாமே என்றால், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்து விடுகிறார்கள். கதிர் போனதும் உளுந்து எழுந்து நிற்கிறது. களத்து மேட்டில் அம்பாரம். கொள்முதல் நிலையத்தில் மூட்டை. தார்ச்சாலையிலும் பாதியில் நெல் காய்கிறது. ஓரத்தில் செங்கல் வரிசை. (செங்கல்லைத் தொடாமல் மீதிப் பாதியில் போய் வந்தவனுக்குத் தேர்வே தேவையில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.)

ஏரிக்கரை? பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் காலத்தில் வெட்டிய வீரநாராயண ஏரி, வாய்வழக்கில் வீராணமாயிற்று. நீளத்துக்குக் குறையில்லை, பல கிலோமீட்டர். அகலம்தான் எட்டுக்குப் போதாது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளத்தில் வயல். எந்தப் பக்கம் விழுந்தாலும் பாசனம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடங்கியதே இக்கரையில், வந்தியத்தேவனின் குதிரையோடு. அவனும் கரையோடு நேரே போனானே ஒழிய, எட்டுப் போட்டதாகக் குறிப்பில்லை. வண்டி கற்போருக்கு இது முக்கியமான எதிர்மறைச் சான்று.

தண்ணீர் வற்றிய கோடையில் ஏரியின் உட்புறமே மைதானம். கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் விடும்வரை அந்த வெற்றிடம் நிலைக்கும். அங்கும் கிரிக்கெட் ஆடும் பையன்கள் முன்னரே இடம் பிடித்திருப்பார்கள். வண்டி சாய்ந்தால் பந்தை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். கால் ஊன்றிய செய்தி, நாம் வீடு திரும்புமுன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிச் சிதம்பரம் போனால் நம்மை யாருக்கும் தெரியாது என்பார்கள். அங்கே எங்கள் சித்தி இருக்கிறாள்.

ஆகவே பங்குனிக் கடைசியில், களம் காலியானபின், விடிகாலை ஐந்தரைக்குச் செல்வதே உத்தமம் என்று முடிவு கட்டி, அக்கா மகனை அனுப்பிவைத்தேன். செவ்வாய்க்கிழமை அவனுக்குத் தேர்வு. பத்தே நிமிடத்தில் போன் வந்தது.

“மாமா, யாரோ உளுந்துச் செடியக் கொண்டாந்து களம் பூராவும் பரப்பிட்டாங்க.”

“சுத்தி வர முடியுமாடா?”

“வரலாம் மாமா. ஆனா வண்டிய ஓட்டச் சொல்றாங்க, செடி மேலயே. காய் உதிருமாம்.”

கோட்பாட்டில் நெல்லோடு உளுந்தையும் சேர்த்துக்கொண்டேன்.