பைக் பத்திரிகைக்கு இன்னும் சந்தா கட்டலாமா?

1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇஸட் வந்தபோது அதைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டே வழிதான். ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது ஒன்று. ஆங்கில மோட்டார் பத்திரிகை இன்னொன்று. மாதாமாதம் அதை வாங்கும் வசதி எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. யாரோ வாங்கிய இதழ் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, புதுப்பேட்டையில் மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்கு வந்து சேரும்.

அந்த பைக்கின் கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் இருந்தது. த்ராட்டிலைச் சட்டென்று முறுக்கினால் காற்று முந்திக்கொண்டு உள்ளே பாயும், பெட்ரோல் பின்தங்கும், இன்ஜின் திணறும். அந்த நேரத்தில் கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுவதுதான் பம்பின் வேலை. கட்டுரையை நான் வரிவரியாகத் தமிழில் சொல்ல, அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு படத்தின் மேல் விரலை ஓட்டினார். "தம்பி, டயாஃப்ரம் எந்தப் பக்கம்னு போட்டிருக்கானா பாரு" என்றார். முதல் சிபிஇஸட் அவரிடம் சர்வீஸுக்கு வந்தபோது அவர் கை தயங்கவில்லை. பிற்பாடு தமிழிலேயே மோட்டார் விகடன் வந்தது. என்னைப் போல ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லவேண்டிய அவசியம் போயிற்று.

இப்போது ஒரு பைக் அறிமுகமான அன்று மாலையே தமிழில் வீடியோ வந்துவிடுகிறது. சைலன்ஸர் சத்தம் வரை கேட்கலாம். எந்த அச்சு இதழாலும் இதைத் தர முடியாது. ஆகவே செய்திக்காகச் சந்தா கட்டுவது வீண். தபாலில் வருவதற்குள் செய்தி பழசாகிவிடும். பெரிய இதழ்களே இதில் தாக்குப்பிடிக்கவில்லை. 1912 முதல் வந்துகொண்டிருந்த அமெரிக்காவின் 'மோட்டார்சைக்கிளிஸ்ட்' 2019-ல் அச்சை நிறுத்தியது. 1962-ல் தொடங்கிய 'சைக்கிள் வேர்ல்ட்' 2018-ல் காலாண்டிதழாகச் சுருங்கி, 2020-ல் அச்சுக்கே விடைகொடுத்தது. அதன் பழைய இதழ்களைத் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய நாட்களில் சந்தா கட்ட என்னிடம் காசில்லை. இன்று காசு இருக்கிறது, இதழ் இல்லை.

ஆனால் பைக் வாங்குகிறவருக்கு அறிமுக நாள் செய்தி மட்டும் போதாது. அன்றைக்கு ஓட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் கம்பெனி அழைப்பில் போனவர். கம்பெனி காட்டிய பாதையில் சில மணி நேரம் ஓட்டியவர். ஒரு நல்ல இதழ் அதே பைக்கை மாதக்கணக்கில் தன்னிடம் வைத்திருந்து, மழையிலும் டிராஃபிக்கிலும் ஓட்டி, செயின் எப்போது தளர்ந்தது, டயர் எவ்வளவு தேய்ந்தது, சர்வீஸ் பில் எவ்வளவு என்று எழுதும். மைலேஜையும் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் தானே அளந்து போடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சென்சாரும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூவும் எப்படி வேலை செய்கின்றன என்று படம் போட்டு, நிதானமாக விளக்குகிற பக்கங்கள் அன்றைவிட இன்றுதான் அதிகம் தேவை.

எல்லா இதழும் இப்படி இல்லை என்பதும் உண்மை. எந்தக் கம்பெனியின் பைக்கை விமர்சிக்கிறார்களோ, அதே கம்பெனியின் விளம்பரத்தை நம்பித்தான் பல பத்திரிகைகள் நடக்கின்றன. சந்தாதாரர் குறையக் குறைய அந்தச் சார்பு கூடும், குறை சொல்ல வேண்டிய இடத்தில் பேனா தயங்கும். வாசகர் காசில் ஓடும் பத்திரிகைதான் வாசகருக்காக எழுதும்.

உடனே ஒரு வருடச் சந்தா கட்டிவிடாதீர்கள். முதலில் கடையில் ஓர் இதழ் வாங்குங்கள். தாங்களே அளந்த கணக்கு இருக்கிறதா, மாதக்கணக்கில் ஓட்டி எழுதிய கட்டுரை இருக்கிறதா, ஒரு பைக்கையாவது துணிந்து "வாங்காதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் கட்டுங்கள். படித்து முடித்ததும் உங்கள் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.