வழிவிடுங்கள், தண்ணீர் வருகிறது!

ஊத்துக்கோட்டையில் மரியாதையோடு வாழ ஆசைப்படுகிறவன் மனிதனாகப் பிறக்கக் கூடாது. கிருஷ்ணா தண்ணீராகப் பிறக்க வேண்டும். ஆந்திராவின் கண்டலேறு அணையில் கிளம்பி, 152 கிலோமீட்டர் கால்வாயில் வந்து, தமிழக எல்லையில் தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்ட்டைத் தொட்டால் போதும். அதிகாரிகள் கரையில் காத்திருந்து கைகூப்பிப் பூத் தூவுவார்கள். அமைச்சர் வந்தால் பூக்கூடை இன்னும் பெரிதாகும். வினாடிக்கு எத்தனை கனஅடி என்று அளந்து எழுதவும் ஆள் உண்டு. அப்புறம் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டிக்கு, அங்கிருந்து சென்னைக்கு.

இந்தத் தண்ணீருக்காக 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் ஒப்பந்தம் போட்டார்கள்: ஆண்டுக்கு 12 டிஎம்சி. முதல் தண்ணீர் வந்தது 1996இல். முழுக்கணக்கும் வந்துசேர்ந்த ஆண்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் பூவில் மட்டும் இதுவரை பற்றாக்குறை இல்லை.

எங்கள் ஊர் வழியாக ஓடும் ஆரணியாறும் ஆந்திராவிலிருந்துதான் வருகிறது. அதற்கு ஏன் பூ இல்லை? அது சென்னைக்குப் போகாமல் பழவேற்காடு பக்கம் போய்விடுகிறதே, அதுதான் அது செய்த குற்றம். அதனால் அதற்குக் கிடைக்கும் வரவேற்பே வேறு: பகலில் குப்பை, இரவில் மணல் திருட்டு, இரண்டு வேளையும் சாக்கடை. குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவதில் எங்கள் கையும் உண்டு. வெட்கத்தை மட்டும் அடுத்த வார்டுக்குத் தள்ளிவிடுவோம்.

அந்த ஆறும் சும்மா இருக்கவில்லை. பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் தரைப்பாலம் முழுகும். 2015இலும் முழுகியது, 2021இலும் முழுகியது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தது. திருவள்ளூருக்குப் போக மட்டும் ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. மழை விட்டதும் மண்ணைக் கொட்டிச் சரிசெய்தார்கள். அடுத்த வெள்ளத்துக்கு ஏதாவது வேலை வைக்க வேண்டாமா? உயர்மட்டப் பாலம் கட்டி முடிப்பதற்குள் மனு எழுதியவர்களின் பிள்ளைகளும் மனு எழுதப் பழகிவிட்டார்கள்.

"ஊர்மக்கள் கருத்து என்ன?" என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறார்கள். சொல்லியாகிவிட்டது, ஐயா. ரயில் இல்லை, திருவள்ளூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ பஸ் பிடித்துத்தான் ரயிலேற வேண்டும். திருப்பதி வண்டிகளும், பிரதோஷத்துக்குச் சுருட்டப்பள்ளி சிவன் கோயிலுக்குப் போகும் கார்களும், எல்லை தாண்டும் லாரிகளும் கடைவீதியைப் பிழிந்துகொண்டு போகின்றன. அத்தனை பேரும் எங்களுக்கு விட்டுப்போவது ஹாரன் சத்தமும் புழுதியும்தான்.

சென்னையில் குழாய் வறண்டால் சட்டமன்றம் கொதிக்கும். எங்கள் தெருக்குழாய் வறண்டால் நாங்கள்தான் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் போலீஸ் வரும். குடத்தைப் பார்க்காது, பின்னால் நிற்கும் வண்டிகளைப் பார்க்கும். போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்குப் போடும்.

வழக்கில் தப்பே இல்லை. தண்ணீர், பக்தர், லாரி, மணல் எல்லாம் தடையின்றிக் கடந்துபோகிற இந்த ஊரில், நகராமல் கிடக்கும் ஒரே இடையூறு இங்கே குடியிருக்கிற நாங்கள்தான்.