வேலைக்கும் ஆகாது, சலுகைக்கும் ஆகாது

"சின்ன வயசுலயே வந்திருக்கக் கூடாதாப்பா?"

முப்பது வயதுக்காரரைப் பார்த்துக் கண் டாக்டர் கேட்கிற கேள்வி இது. ஐந்து வயதில் தன்னைத்தானே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வராத குற்றத்துக்காக அவர் தலைகுனிந்து நிற்க வேண்டும். தீர்ப்பு இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த டோக்கன்.

சோம்பல் கண் என்கிறார்கள். மருத்துவத்தில் ஆம்ப்ளியோபியா. பெரும்பாலும் அந்தக் கண்ணில் ஒரு நோயும் இருக்காது. மாறுகண், இரண்டு கண்ணுக்கும் பவரில் பெரிய வித்தியாசம், பிறவிப் புரை, இவற்றில் ஏதோ ஒன்றால் சிறுவயதில் அதிலிருந்து மூளைக்கு உருப்படியான படம் போவதில்லை. மூளை அந்தக் கண்ணை ஓரங்கட்டிவிடுகிறது. பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் சார்ட்டின் கீழ் வரிகள் தெரியாது. நூற்றுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் பதினான்கு லட்சம் பேர் தேறுவார்கள். சங்கம் இல்லை, சாதி இல்லை, ஓட்டு வங்கி இல்லை. அதனால் அவர்களைப் பற்றி அறிக்கையும் இல்லை.

'காலம் கடந்துவிட்டது' என்ற தீர்ப்பு எங்கிருந்து வந்தது? பூனைக்குட்டிகளிடமிருந்து. 1960-களில் ஹ்யூபெல், வீசல் என்ற இருவர் குட்டிகளின் ஒரு கண்ணைத் தைத்து மூடிப் பார்த்தார்கள். குறிப்பிட்ட பருவத்தில் மூடினால் மூளையின் பார்வை இணைப்புகள் மாறிப்போகின்றன என்று காட்டினார்கள். 1981-ல் நோபல் பரிசு. அருமையான விஞ்ஞானம்தான். நம் ஊர் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் அது ஏழு வயதில் இறங்கும் கடை ஷட்டராகிவிட்டது.

அந்த ஷட்டரை 2005-லேயே தூக்கிப் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை 507 பேரை வைத்து ஆய்வு நடந்தது. முன்பு சிகிச்சையே பெறாத 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் கண்ணாடியோடு, நல்ல கண்ணை மறைக்கும் பேட்ச்சும் போட்டவர்களில் 47 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு வரி கூடியது. வெறும் கண்ணாடியில் 20 சதவீதம். டெல்லியில் விஞ்ஞானி பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில் பிறவிப் புரையோடு வளர்ந்த பதின்பருவத்தினருக்கும் அறுவை செய்தார்கள். முழுப் பார்வை வரவில்லை. ஆனால் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு? 2011-ல் கலிபோர்னியாவில் இருபது பேர் நல்ல கண்ணை மூடிக்கொண்டு வீடியோ கேம் ஆடினார்கள். பார்வை கூடியது.

இந்தக் கடைசி வரியை மட்டும் ஒருவர் சரியாகப் படித்து வைத்திருக்கிறார். வியாபாரி.

டாக்டர் 'முடியாது' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் செல்போனில் விளம்பரம் வந்துவிடும். ஒரு பக்கம் விஆர் கண்ணாடி, முப்பது அமர்வு, தவணை வசதி. இன்னொரு பக்கம் மூலிகைச் சொட்டு, ஓட்டைக் கண்ணாடி, உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் வைக்கும் யோகா. 2018-ல் 115 பேரிடம் ஒரு கேமை நிஜமாகவே சோதித்தார்கள். டம்மி கேம் ஆடியவர்களைவிட அதை ஆடியவர்களுக்குக் கூடுதல் பலன் ஒன்றுமில்லை. இந்த முடிவு மட்டும் எந்த விளம்பரத்திலும் அச்சாகாது. இன்னும் சிலர் லேசர் செய்தால் சரியாகும் என்பார்கள். லேசர் பவரை எடுக்கும். மூளை ஒதுக்கிய கண்ணை அது என்ன செய்யும்?

யோக்கியமான ஆலோசனை என்பது கால்மணி நேரச் சமாச்சாரம். இரண்டு கண்ணுக்கும் சரியான பவர் பார்த்துக் கண்ணாடி கொடுக்க வேண்டும். வித்தியாசம் அதிகமென்றால் கான்டாக்ட் லென்ஸ். அதையே சில மாதம் விடாமல் போட்டால் கொஞ்சம் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பேட்ச், கண்காணிப்போடு பயிற்சி. ஓரிரு வரி கூடலாம், கூடாமலும் போகலாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். தான்தோன்றித்தனமாகப் பயிற்சி செய்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் அபாயம் உண்டு என்று எச்சரிக்க வேண்டும். மாறுகண்ணுக்கு எந்த வயதிலும் அறுவை செய்யலாம் என்ற செய்தியையாவது சொல்ல வேண்டும். முக்கியமாக, நல்ல கண்ணுக்கு உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். வாய் திறந்தால் போதும். திறப்பதில்லை.

ஐந்து வயதில் இதையெல்லாம் பிடித்திருக்க வேண்டியவர்கள் யார்? பார்வையிழப்புத் தடுப்புக்கு 1976-லேயே தேசியத் திட்டம் போட்ட நாடு இது. அதன் பள்ளிப் பரிசோதனை வெகுகாலம் கண் வைத்திருந்தது 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள்மீது. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது. அதாவது, எந்த வயதோடு கதை முடிந்தது என்று டாக்டர் சொல்கிறாரோ, அதற்குப் பிறகுதான் அரசு கதையைத் திறந்தது. 2013-ல் அங்கன்வாடிக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை மருத்துவக் குழு போகும் என்று காகிதத்தில் எழுதினார்கள். குழு வரும். பிள்ளை விரல் இடுக்கில் நல்ல கண்ணால் எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் முன்னால் நின்றவன் சொன்னதைக் கேட்டு ஒப்பிக்கும். பரிசோதனை முடிந்தது, டிக் போட்டாயிற்று. வீட்டில் பாட்டி மாறுகண் அதிர்ஷ்டம் என்பாள். பாட்டியாவது சம்பளம் வாங்கவில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகிறது. மத்தியத் துணை ராணுவக் காவலர் அறிவிப்பில் முட்டி தட்டுதல், தட்டைப் பாதம் வரிசையில் மாறுகண்ணும் தகுதியின்மை. மற்றச் சீருடை வேலைகளிலும் கண் ஒவ்வொன்றும் தனித்தனியே தேற வேண்டும். சரி, குறை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்டால் அங்கே அட்டவணை வேறு. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி நல்ல கண் சார்ட்டில் 6/18 வரி வரை படித்தால் போதும், சதவீதம் சுருங்கிவிடும். மற்றக் கண் 6/60 என்றால் குறை 10 சதவீதம். 3/60 என்றால் 20. வெளிச்சமே தெரியாவிட்டாலும் 30-தான். சலுகைக்கு வேண்டியது 40. ஒரு கண்ணை அடியோடு பறிகொடுத்தவரே தேற முடியாத பரீட்சையில் சோம்பல் கண்காரர் எங்கே தேறுவது? வேலைக்குக் குறையுள்ளவர், சலுகைக்கு நிறைவானவர்.

காப்பீடோ இன்னும் கெட்டி. அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது. 7.5 டயாப்டருக்குக் குறைந்த பவர் கோளாறுக்கும் கிடையாது. மாறுகண்ணை நேராக்கப் போகிறவர், தான் அழகுராஜா ஆக வரவில்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

2002-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. சோம்பல் கண் உள்ளவர் தன் வாழ்நாளில் நல்ல கண்ணின் பார்வையையும் இழக்கும் அபாயம் குறைந்தது 1.2 சதவீதம் என்றது. அப்படி இழந்த சிலருக்கு சோம்பல் கண்ணின் பார்வை தானாகவே கூடியதையும் பதிவு செய்தது. முடியாது என்று டோக்கன் கிழித்த அதே கண்.

நம் ஊரில் இது நடந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும். நல்ல கண் போய்விட்டதே, நாற்பதைத் தாண்டியாயிற்று. ஆனால் அந்தக் கண்ணுக்கு வயதான காலத்தில் ரோஷம் வந்து 6/18 வரை படித்துத் தொலைத்தால், அட்டவணைப்படி மறுபடியும் 30. மறுமதிப்பீட்டுக்கு எத்தனை வருஷம் கழித்து வர வேண்டும் என்பதை எழுத அந்தச் சான்றிதழிலேயே ஒரு கோடு விட்டு வைத்திருக்கிறார்கள்.