யோசிக்கப் பதினைந்து நிமிடம்

இந்த நாட்டில் யோசிப்பதற்கென்று அரசு நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கும் குடிமக்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான். அமைச்சர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. பார்த்தாலே தெரியும்.

கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் முதல் பதினைந்து நிமிடத்துக்குப் பெயர் ‘கூல் ஆஃப் டைம்’. கேள்விகளைப் படி, விடைகளை மனதில் ஒழுங்குபடுத்திக்கொள் என்று வினாத்தாளின் நெற்றியிலேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டிலும் அதே பதினைந்துதான். பத்து மணியிலிருந்து பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க. அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளில் விவரம் சரிபார்க்க. பத்தேகாலுக்கு எழுத ஆரம்பிக்க வேண்டும். ஆக, யோசிப்பதில் கேரளம் தமிழ்நாட்டைவிட ஐந்து நிமிடம் முன்னே நிற்கிறது. முற்போக்கு மாநிலம் என்றால் சும்மாவா?

பனச்சமூட்டில் நின்றால் இரண்டு பதினைந்து நிமிடங்களையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். சந்தை இருக்கும் பக்கம் வெள்ளறடை பஞ்சாயத்து, நெய்யாற்றின்கரை தாலுகா, திருவனந்தபுரம் மாவட்டம். நாலு எட்டு வைத்தால் கன்னியாகுமரி மாவட்டம். மீனுக்கு எல்லை கிடையாது. மரச்சீனிக்குக் கிடையாது. கல்யாணத்துக்கும் கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது மட்டும் எல்லை வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிடும். அக்கா பிள்ளை ஒரு அரசுக்கு, தங்கச்சி பிள்ளை இன்னொரு அரசுக்கு. இரண்டும் மார்ச் மாதம் தேர்வெழுதப் போகும். இரண்டுக்கும் எழுதும் முன் பதினைந்து நிமிடம் கிடைக்கும். யோசிக்கத்தான் ஒன்றும் இருக்காது.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளைப் பாருங்கள். கட்டுரைக் கேள்விக்கு எட்டு மதிப்பெண். தலைப்பைக் கொடுத்து, “மக்களே, இதைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டுவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். குறிப்புகளைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். முன்னுரை என்று தொடங்கி, நடுவில் நாலைந்து உட்தலைப்பு வைத்து, முடிவுரை என்று முடித்திருப்பார்கள். எங்கே தொடங்குவது, எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்ற நான்கும்தான் கட்டுரை எழுதுவதற்கு முன்னால் ஒரு பிள்ளை பார்க்க வேண்டிய வேலை. அந்த நான்கையும் வினாத்தாள் தயாரித்தவரே பார்த்து முடித்துவிட்டார். பிள்ளைக்கு மிச்சம் கையெழுத்து. உட்தலைப்புக்கு அடிக்கோடு. கறுப்பு மையா நீல மையா என்ற ஒரு முடிவை மட்டும் சுதந்திரமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் இதை மாற்றப் பார்த்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2007ஐ ஒட்டி, தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி என்று ஒன்று வந்தது. அதில் ஒரு படிநிலைக்குப் பெயர் மனவரைபடம். பாடத்தைப் பிள்ளை தானே வாசிக்க வேண்டும். நடுவில் ஒரு வட்டம் போட்டு மையக் கருத்தை எழுத வேண்டும். தனக்குத் தோன்றியதையெல்லாம் கிளை கிளையாகப் பிரித்து வரைய வேண்டும். பிறகு குழுவில் பேச வேண்டும், தொகுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் யோசி என்பதை ஒரு அரசு இவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னால் சொன்னதில்லை. நல்ல திட்டம். அந்தத் தப்பை உடனே சரிசெய்ய வேண்டாமா?

வட்டார வள மையத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். பிள்ளை யோசித்ததா என்று பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. வரைபடம் இருக்கிறதா என்று பார்க்கக் கண் இருந்தது. நோட்டைத் திறக்கச் சொன்னார்கள். ஆகவே ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வரைபடம் போட்டார். நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைந்தன. நாற்பது மனங்களும் ஒரே மாதிரி கிளைவிட்டன, ஒரே கிளையில் ஒரே எழுத்துப்பிழையோடு. பார்வையிட்டவர் கையெழுத்துப் போட்டார். பிறகு கைடுகளிலும் மனவரைபடம் அச்சாகி வந்தது. பாடவாரியாகத் தயாராக. இன்று வாட்ஸ்அப் குழுக்களில் பி.டி.எஃப். ஆகச் சுற்றுகிறது.

ஐயம்பெருமாள் கோனார் உரை எழுதிய காலத்தில் செய்யுளின் பொருள் புரியாத பிள்ளைக்குத் துணை வேண்டியிருந்தது. இப்போது தன் மனதில் என்ன தோன்றியது என்று தெரிந்துகொள்ளவே பிள்ளைக்குத் துணை வேண்டியிருக்கிறது. அதையும் அப்பாதான் காசு கொடுத்து வாங்குகிறார். ரப்பர் பால்வெட்டுக் கூலியில்.

சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். குறிப்பு இல்லை, கைடு இல்லை. ‘இயற்கையைக் காப்போம்’ என்று தலைப்பு மட்டும். பனச்சமூட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று அந்தப் பத்து நிமிடத்தில் உண்மையாகவே யோசிக்கிறது. என்ன குறித்துக்கொள்ளும்?

டாரஸ் லாரி. அதுதான் முதலில் வரும். குமரி மாவட்டத்து மலைகளை உடைத்து, கல்லாகவும் எம்-சாண்டாகவும் ஏற்றிக்கொண்டு, கேரளத்தை நோக்கி இரவும் பகலும் போகிற லாரி. அது போகும் ரோட்டோரமாகத்தான் பிள்ளை புத்தகப் பையோடு ஒதுங்கி நடக்கிறது. அடுத்த குறிப்பு, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வருவது: கோழிக் கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும். மலை போகிறது, குப்பை வருகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைத் திரும்ப அள்ளிக்கொண்டு போகச் சொல்ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வேண்டியிருந்தது. மூன்றாவது குறிப்பு சோதனைச்சாவடி. இதையெல்லாம் நிறுத்த வேண்டிய சோதனைச்சாவடி எதை நிறுத்துகிறது என்று பிள்ளைக்கு வேறு கேள்வி வரும். பக்கத்து வீட்டு மாமா ஸ்கூட்டரில் கொண்டுபோகும் ரேஷன் அரிசி நினைவுக்கு வரும். அதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தயங்கும். எழுதுகிறவன் செய்யும் வேலை அந்தத் தயக்கம்தான். அதற்காகத்தான் பத்து நிமிடம்.

இப்படி ஒரு கட்டுரையைப் பிள்ளை எழுதிவிட்டது என்று வையுங்கள். திருத்துகிறவர் என்ன செய்வார்? விடைக்குறிப்பில் மரம் வளர்ப்போம் இருக்கிறது. மழைநீர் இருக்கிறது. டாரஸ் லாரி இல்லை. பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு யோசிக்கப் பதினைந்து நிமிடம் கூடக் கொடுக்கவில்லை. கட்டு கட்டாக விடைத்தாள்தான் கொடுத்திருக்கிறார்கள். உட்தலைப்பை எண்ணுவார். மேற்கோள் தேடுவார். இல்லையென்றால் எட்டில் மூன்று. மரமே இல்லாத பள்ளியில் படித்து, “மரங்கள் நம் உயிர்மூச்சு” என்று நாலு பக்கம் நிரப்பிய பிள்ளைக்கு எட்டில் ஏழு. பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் அரசு சொல்லிக்கொடுக்கும் ஒரே எழுத்துப் பாடம் இது: கண்ணால் கண்டதை எழுதினால் மூன்று, காணாததை எழுதினால் ஏழு.

இந்தப் பயிற்சி வீண்போவதில்லை. இப்படி ஏழு வாங்கியவர்கள்தான் வளர்ந்து திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். வாசித்துப் பாருங்கள். முன்னுரை இருக்கும், முடிவுரை இருக்கும், நடுவில் மலை இருக்காது.

அக்டோபர் கடைசியில் ஊழல் விழிப்புணர்வு வாரம் வரும். பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். ஊழலைப் பற்றி யோசிக்க இந்த நாட்டில் எத்தனையோ அனுபவசாலிகள் இருக்க, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை உட்கார வைத்து, அதை ஒழிக்க வழி கேட்பார்கள். மேடையில் பரிசு கொடுப்பவர் யார் என்று பார்த்தாலே பிள்ளைக்கு நல்ல குறிப்பு கிடைத்துவிடும். எழுதத்தான் முடியாது.

கேரளத்துப் பக்கம் போவோம். அங்கே குறிப்பு கொடுத்துக் கெடுப்பதில்லை. அங்கே நாகரிகம் அதிகம். மதிப்பெண்ணையே கொடுத்துவிடுவார்கள். 2005இல் கிரேடு முறை வந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி அறுபது சதவீதத்தைத் தொடவில்லை. 2023இல் 99.70. 2024இல் 99.69. 2025இல் 99.5. மீதி அரை சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் இப்போது ஆராய வேண்டிய விஷயம். தோற்பதற்கு அங்கே தனித்திறமை வேண்டும்.

இதை நான் சொன்னால் தமிழ்நாட்டுக்காரன் பொறாமை என்பீர்கள். 2023 டிசம்பரில் அந்த மாநிலத்தின் பொதுக்கல்வி இயக்குநரே, எஸ். ஷானவாஸ், ஆசிரியர் கூட்டத்தில் பேசியது வெளியே கசிந்தது. சொந்தப் பெயரை எழுதத் தெரியாத பிள்ளைக்கும் ஏ பிளஸ் கிடைக்கிறது என்று அவர் வருத்தப்பட்டிருந்தார். அன்றைய கல்வி அமைச்சர் சிவன்குட்டி என்ன செய்தார்? அது அரசின் கருத்தல்ல என்றார். பெயர் எழுதத் தெரியாத பிள்ளை பிரச்சினையில்லை. பேசத் தெரிந்த அதிகாரிதான் பிரச்சினை.

ஆனால் அடுத்த ஆண்டே எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் விதி கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு பாடத்தில் அந்த 30 வரவில்லை. எட்டாம் வகுப்பில் ஐந்தில் ஒன்று தடுமாறுகிறது. அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் இருநூறில் ஒன்றுதான் தோற்கிறது. நடுவில் இருக்கும் இரண்டு ஆண்டில் என்ன மந்திரம் நடக்கிறது? அந்த மந்திரத்துக்கு ஒரு மனவரைபடம் வரைந்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இதற்கிடையே 2024 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தேர்வின் எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கில வினாத்தாள் முந்தின நாளே யூடியூபில் வந்தது. குற்றப்பிரிவு விசாரிக்கப் போனது. கூல் ஆஃப் டைமை ஒரு ராத்திரி முழுக்க நீட்டித்துக் கொடுத்த பெருமை அந்த யூடியூப்காரரைச் சேரும். அதே 2024இல்தான் 80,000 ஆசிரியர்களுக்கு ஏ.ஐ. பயிற்சி என்று அரசு அறிவித்தது. பிள்ளை யோசிக்காதது போதாது, ஆசிரியருக்கும் விடுதலை வேண்டும் அல்லவா.

தமிழ்நாடு சிரிக்க வேண்டாம். 2022 ஏசர் கல்வி ஆய்வறிக்கையில், ஊரகத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனா என்று காரணம் சொன்னார்கள். சரி. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வன்று 50 ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் வரவேயில்லை. 2024 பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 415 பேர். தமிழில் 8 பேர். தமிழுக்கு உயிரையும் கொடுப்போம் என்று மேடைக்கு மேடை சொல்லும் மாநிலம். உயிர் யாரும் கேட்கவில்லை ஐயா. தமிழ் வகுப்புக்கு ஒரு மணி நேரம் கேட்கிறோம். கணக்கு டீச்சர் கடன் வாங்கிப் போகாத ஒரு மணி நேரம்.

உண்மையாகவே உயிர் கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும், தமிழில் எழுத வேண்டும் என்றுதான் அந்தச் சண்டை. எட்டு மதிப்பெண் கட்டுரையைக் கைடு பார்த்து மனப்பாடம் செய்வதற்காக யாரும் அன்றைக்குக் குண்டுக்கு முன்னால் நிற்கவில்லை. அந்தத் தியாகத்தைப் பற்றியும் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். அதற்கும் பி.டி.எஃப். வந்துவிடும்.

இரண்டு மாநிலத்திலும் மே மாதம் முடிவு வெளியிடுவார்கள். தேர்ச்சி சதவீதத்தைத் தசமப் புள்ளியோடு வாசிப்பார்கள். எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசி, போன ஆண்டைவிட எவ்வளவு கூடுதல் என்று எல்லாம் தயாராக இருக்கும். எழுதுவதற்கு முன் திட்டமிடுவது என்றால் என்ன என்று அந்தக் கூட்டத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவு துல்லியம். முடிவுரையை முதலிலேயே எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி பிள்ளைகளைத் தயாரித்திருக்கிறார்கள்.

நாமும் ஒரு தேர்வு வைப்போம். இரண்டு கல்வித் துறைகளும் எழுதலாம். பனச்சமூட்டில் பெஞ்சு போட்டுக் கொடுக்கிறோம், அவரவர் எல்லைக்குள். எட்டு மதிப்பெண். கீழ்க்காணும் குறிப்புகளைக் கொண்டு கட்டுரை வரைந்து தலைப்பிடுக: முன்னுரை – பத்தாண்டுப் பள்ளி – காசுக்கு வாங்கிய மனவரைபடம் – டாரஸ் லாரி – பெயர் எழுதாத ஏ பிளஸ் – வராமல் போன 50 ஆயிரம் பேர். முடிவுரையைக் குறிப்பில் கொடுக்கவில்லை. அதை மட்டும் யோசித்து எழுதவும். பதினைந்து நிமிடம் தருகிறோம். பக்கத்து மாநிலத்தைப் பார்த்து எழுதக் கூடாது. பார்த்தாலும் பயனில்லை, அவர்களும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.