சுளுக்கும் தேன்கூடும்: மாமன் சொல்லுதேன், கேளு

வா மருமவனே. கூப்பிட்டா கழுத்தத் திருப்பாம ஆளே மொத்தமாத் திரும்புதியே, பெரிய பதவி ஏதும் வந்துட்டோன்னு பயந்துட்டேன். சுளுக்குதானா? உக்காரு. ராத்திரி பூரா மூணு தலையணையில சாஞ்சு செல்போனக் குனிஞ்சு பாத்தேன்னு உன் அத்தை சொல்லுதா. அந்த மரியாதையில கால்வாசி மாமனுக்குக் காட்டியிருந்தா மண்டபமே கட்டியிருப்பேன்.

இந்நேரம் ஊரே வைத்தியம் சொல்லியிருக்குமே! தலையணைய வெயில்ல போடுங்காளா? போடு, கழுத்து விடாட்டியும் நாத்தம் விடும். கால் முன்னால வந்து பொறந்தவன் மிதிச்சாச் சரியாப் போவுமாம். அப்படி ஒருத்தன் மேலத்தெருவுல இருக்கான், 110 கிலோ. கூப்பிடட்டா?

வேண்டாம்லா? அப்ப இதச் செய்யி. கல்லுப்ப வறுத்துத் துணியில முடிஞ்சு, புறங்கையில சூடு பாத்துட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் பத்து நிமிசம் ஒத்தடம் குடு. நல்லெண்ணெயக் காய வச்சு இளஞ்சூட்டுல தடவு, போட்டு நசுக்காத. வலிக்காத மட்டுக்கும் இடமும் வலமும் மெதுவாத் திருப்பு. ராத்திரிக்கு ஒத்தத் தலையணை போதும். முடிவெட்டுத கடையில ‘சொடக்கு எடுக்கேன்’னு தலையப் பிடிச்சா எந்திரிச்சு ஓடிரு. மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் கழுத்தெலும்பு ஓட்டை வழியாத்தான் மேல ஏறுது. வெடுக்குன்னு முறுக்கி, அது கிழிஞ்சு பக்கவாதத்துல விழுந்தவங்க உண்டு. சும்மா விட்டா அநேகமா ஒரு வாரத்துல தானாப் போயிரும். காய்ச்சலும் மண்டையிடியும் சேந்து கழுத்து வெறைச்சாலோ, கை மரத்துப் போனாலோ மட்டும் எங்கிட்ட வராத, ஆஸ்பத்திரிக்குப் போ.

அதென்ன கையில, தீப்பந்தம்? புளியமரத்துத் தேன்கூட்டக் கலைக்கவா? அண்ணாந்து பாக்க முடியாத கழுத்த வச்சுக்கிட்டு என்ன வீரம்லே!

அது மலைத்தேனீ. பெட்டியில வளக்குத அடுக்குத்தேனீ இல்ல, சுவத்து ஓட்டையில ஒண்டியிருக்க, கொட்டத் தெரியாத கொசுத்தேனீயும் இல்ல. கிளையில ஒத்த அடையாத் தொங்கும். தள்ளி நின்னு பாரு. குளவி ஒண்ணு கிட்ட வந்தாப் போதும், வரிசையா வயித்தத் தூக்கித் தூக்கி இறக்கும், கூட்டு மேல ஒரு அலை ஓடும். ‘போயிரு’ன்னு அதுக்கு அர்த்தம். குளவிக்கே வெளங்குது.

ஒண்ணு கொட்டினா, கொடுக்குல உள்ள முள்ளு உன் தோல்ல மாட்டிக்கிடும், அதுவும் செத்துப் போவும். சும்மாவா சாவுது? வாழைப்பழம் மாதிரி ஒரு வாடைய விட்டுட்டுல்லா போவுது! ‘ஆளு இந்தா இருக்கான்’னு மத்ததுகளுக்குத் தாக்கல். அதனால கொட்டின எடத்துல நிக்காத, ஓடு. ஓடிப்போயி நகத்தால கொடுக்க வழிச்சு எடு. மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரி.

கொட்டுததெல்லாம் பொம்பளதான். தேன் சேக்கதும் கூடு கட்டுததும் குஞ்சுக்கு ஊட்டுததும் அவதான். பூக்காலத்துல ஆறு வாரம் ஓடியாடினா ஆயுசு முடிஞ்சுது. ஆணுக்குக் கொடுக்கும் கெடையாது, சோலியும் கெடையாது. தின்னுட்டு ராணிக்காகக் காத்துக் கெடப்பான், சேந்த மறுநிமிசம் செத்து விழுவான். இன்னொரு கூத்து கேளு. அவன் கருத்தரிக்காத முட்டையில பொறந்தவன். அதனால அவனுக்கு அப்பன் கெடையாது, தாத்தா மட்டும் உண்டு! ஏம்லே மூஞ்சி சுண்டுது? நான் தேனீயத்தான் சொன்னேன்.

மலைத்தேனீ ஒரே எடத்துல வேரூணாது. பூ தீந்தா அடைய விட்டுட்டு அதுவே கெளம்பிரும். பள்ளிக்கூட வாசல்ல கட்டியிருந்தா தீயணைப்புக்காரங்களுக்குச் சொல்லு, அது அவங்க சோலி. மத்தபடி உன் கழுத்துக்கு ஒரு வாரம், அதுக்கு ஒரு பூக்காலம். ரெண்டையும் நோண்டாம இருக்க உன்னால முடியுமான்னுதான் எனக்குச் சந்தேகம்.

பந்தத்த அடுப்புல சொருகிட்டுப் போ. உப்பு வறுக்கணும்லா.