கட்டம் போட்ட கேள்விகள்

? ‘நகர வாழ்க்கை’ என்ற பெயரில் ஆண்களுக்கு தீபாவளி கலெக்‌ஷன் வந்திருக்கிறது. எல்லாமே சாம்பல் நிறம். நகரம் என்றால் சாம்பல்தானா? (ராயபுரம் வாசகர்)

அந்த டிசைனரை விடியற்காலையில் காசிமேட்டுக்கு அனுப்பிவையுங்கள். பச்சை வலை, நீல டிரம், ஏலக்காரரின் கட்டம் போட்ட கைலி, எல்லாவற்றின் மேலும் மீன் செதிலின் வெள்ளி மினுக்கு. நகரத்தின் நிறம் அதுதான். சாம்பல்தான் வேண்டுமென்றால் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையம் கொட்டியது கிடக்கிறது. அதைக் காசு கொடுத்துச் சட்டையிலும் வாங்க வேண்டுமா?

? தீபாவளித் துணிக்கு தி.நகரா, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடா? (தண்டையார்பேட்டை வாசகர்)

எம்.சி. ரோடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

? கட்டம் போட்ட சட்டை பழைய ஃபேஷன் என்கிறான் தம்பி. (கொருக்குப்பேட்டை வாசகர்)

தம்பியை உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்தத் துணிக்கு உலகம் வைத்த பெயரே ‘மெட்ராஸ்’. நைஜீரியாவின் கலபாரி மக்களுக்கு அது ‘இன்ஜிரி’. பிறப்புக்கும் இறப்புக்கும் அது இல்லாமல் சடங்கு இல்லை. 1958-ல் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் விற்ற துணி, நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையானது. துவைத்தால் சாயம் போனது, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘சாயம் போகும், உத்தரவாதம்!’ என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்று மாணவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நம் வீட்டில் சாயம் போனால் அம்மா கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்!

? டைட் பேன்ட் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா? (எர்ணாவூர் வாசகர்)

கழற்றிவிட ஆள் இருந்தால்.

? வடசென்னைக்கும் ஃபேஷனுக்கும் என்ன சம்பந்தம்? (திருவொற்றியூர் வாசகர்)

உங்கள் ஊரிலிருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்! 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர்தான் உங்கள் காலடிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்துக் கப்பலுக்கு அனுப்பியது வண்ணாரப்பேட்டை. காக்கி நெய்தது பெரம்பூர் பி அண்ட் சி மில். ஊர் ஊராகச் சட்டை போட வைத்த பேட்டை இது. வடசென்னை என்றதும் சினிமாக்காரர்கள் அழுக்கு பனியனைத் தேடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

? நான் வெல்டர். மகன் ‘ஒர்க்வேர்’ என்று பாலியஸ்டர் ஜாக்கெட் வாங்கித் தந்திருக்கிறான். வேலைக்குப் போடலாமா? (எண்ணூர் வாசகர்)

வேண்டாம் அண்ணே. பொறி பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், புண் ஆழமாகிவிடும். கெட்டிப் பருத்திச் சட்டை, முழுக்கை. பேன்ட் காலை மடித்துவிடாதீர்கள், பொறி அதில்தான் தங்கும். பாக்கெட்டுக்கு மூடி வேண்டும். தோல் ஏப்ரனும் கையுறையும் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. நீங்கள் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். அதில் கூச்சமே வேண்டாம். பட்டாசு கொளுத்தும்போதும் பருத்திதான். மகன் ஆசையாக வாங்கியதைப் பொங்கலன்று போட்டுக்கொள்ளுங்கள். போகியன்று மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.